இளஞ்சிறார் நீதிமன்ற நடுவர்களுக்கும் அவர்களுக்கு விதி வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் விதிமுறை வகுப்போருக்கும் வணக்கம்.

குற்றம் செய்த ஒரு சிறுவனை மறுசீரமைப்பு நீதிக் கூட்டத்துக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வதற்கு உங்கள் அலுவலகங்களில் ஒரு படிவம் இருக்கும். செய்தவனும் பாதிக்கப்பட்டவரும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் துணையோடு நேரில் அமர்ந்து பேசி, தீங்கை ஈடுகட்டுவது எப்படி என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே அந்தக் கூட்டம். இடத்துக்கு இடம் படிவத்தின் வடிவம் வேறுபட்டாலும் கேள்விகள் பெரிதாக வேறுபடுவதில்லை: வயது என்ன, செய்ததை ஒப்புக்கொள்கிறானா, இதுதான் முதல் தடவையா, பாதிக்கப்பட்டவர் சந்திக்க விரும்புகிறாரா. இவற்றுக்கு முன்னால், பல படிவங்களில், குற்றம் கடுமையானதா என்றொரு கேள்வி நிற்கும். ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி விழுந்துவிட்டால் மற்றக் கேள்விகளைப் படிக்கவே வேண்டியதில்லை. கோப்பு நேராக விசாரணைக்குப் போய்விடும். இந்த மடல் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. குற்றவியலைக் கற்பிப்பதும், இளஞ்சிறார் நீதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்து எழுதுவதும் என் தொழில். பல ஆண்டுகள் அப்படிப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்டது, அந்தக் கேள்வியை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதுதான். கூட்டமே தேவைப்படாத சிறு பிழைகளைக் கூட்டத்துக்கு அனுப்புகிறோம். கூட்டம் உண்மையில் பயன்படக்கூடிய பெருந்தீங்குகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

‘நாம்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட படிவம் ஒன்றை வரைந்த ஆலோசனைக் குழுவில் நானும் இருந்தேன். சிறியவற்றில் தொடங்குவோம், நம்பிக்கை வளர்ந்தபின் பெரியவற்றுக்குப் போவோம் என்று அன்று எல்லோரும் சொன்னபோது நானும் தலையாட்டினேன். நம்பிக்கை வளர்ந்தது, படிவம் மாறவில்லை.

சிறு பிழைக்கு ஒரு கூட்டம் என்ன செய்கிறது என்பதை நான் நேரில் பார்த்த ஒன்றிலிருந்து சொல்கிறேன். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு பெரிய கடையில் நகப்பூச்சுக் குப்பி ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள், வாசலிலேயே பிடிபட்டாள், குப்பி சேதமில்லாமல் அலமாரிக்குத் திரும்பியது. ஐந்து வாரம் கழித்து நடந்த கூட்டத்தில் அவளைச் சுற்றிப் பெரியவர்கள் எட்டுப் பேர் அமர்ந்திருந்தார்கள். கடையின் சார்பில் வந்திருந்த இளைஞர் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. திருட்டினால் வணிகத்துக்கு ஏற்படும் இழப்பைப் பற்றி மேலாளர் தட்டச்சு செய்து கொடுத்த தாளை அவர் வாசித்தார். வாசிக்கும்போது சிறுமியை விட அவருக்குத்தான் கூச்சம் அதிகமாக இருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னபோது, யாருக்கு எழுதணும் என்று அவள் கேட்டாள். அது குறும்பான கேள்வியல்ல, நேர்மையான கேள்வி. அறையில் யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் ‘அன்புள்ள கடைக்கு’ என்று தொடங்கினாள். ஒப்பந்தத்தில் நான்கு நிபந்தனைகள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்று, வாரம் ஒரு முறை ஆலோசகரைச் சந்திப்பது. இரண்டு வாரம் அவள் போகவில்லை. ஒப்பந்த மீறல் என்ற தலைப்போடு அவளுடைய கோப்பு நீதிமன்றத்துக்குப் போனது. பிடிபட்ட அன்றே அதட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

குற்றவியலில் இதற்கு வலையை அகலமாக்குதல் என்று பெயர். நீதிமன்றத்துக்குப் போகவிருந்த பிள்ளையைத் தடுத்து வெளியே எடுப்பதற்காகப் பின்னப்பட்ட வலை, எந்த நீதிமன்றத்துக்கும் போயிருக்காத பிள்ளையை உள்ளே இழுத்துப்போடுகிறது. இழுத்துப்போடுவதால் தீமை ஒன்றுமில்லை, கொஞ்சம் அறிவுரை கிடைத்தால் நல்லதுதானே என்று நினைக்கலாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஏறக்குறைய 4,300 இளையோரைப் பள்ளிப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்துவந்த லெஸ்லி மெக்காராவும் சூசன் மெக்வியும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒரே அளவு தவறு செய்தவர்களை ஒப்பிட்டால், நீதி அமைப்பின் கைக்குள் ஆழமாகப் போனவர்களே தவறிலிருந்து விலகுவதில் பின்தங்கினார்கள் என்று காட்டினார்கள். அந்தோணி பெட்ரோசினோவும் அவருடைய குழுவினரும் 2010இல் 29 சோதனைகளை, அதாவது 7,304 இளஞ்சிறாரைப் பற்றிய தரவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, முறைப்படி வழக்கு நடத்துவது குற்றத்தைக் குறைக்கவில்லை என்றும், சற்றே கூட்டுவதாகத் தெரிகிறது என்றும் கண்டார்கள். டெரி மோஃபிட் 1993இல் எழுதியது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும்: வளரிளம் பருவத்தில் தவறு செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பருவத்தோடு அதையும் விட்டுவிடுவார்கள். விட்டுவிடப்போகிறவர்களைப் பிடித்துவைத்துத் திருத்துவதற்கு நாம் ஆளும் நேரமும் செலவழிக்கிறோம்.

ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 40ஆவது உறுப்பில், இயன்ற இடங்களில் நீதிமன்ற நடவடிக்கைக்குப் போகாமலே சிறாரைக் கையாளும் வழிகளை உருவாக்கச் சொல்கிறது. அந்த வழிகளில் மிக எளியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் கடினமானதும் அதுதான்.

மறுபக்கத்துக்கு வருகிறேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருட்டும் நேரத்தில் தெருவில் நடந்துபோன ஒருவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு அவருடைய பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். விழுந்தவருக்கு முழங்கை உடைந்தது. வழக்கு முறைப்படி நடந்தது, தண்டனையும் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர் விசாரணையில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தக் கை என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கினார். தண்டனை அறிவிக்கப்பட்டுப் பல மாதம் கழித்து, விவரம் தெரிந்த ஓர் ஒருங்கிணைப்பாளரின் தனி முயற்சியால் இருவரும் சந்தித்தார்கள். படிவம் அதற்கு வழிவிட்டிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்பில் நான் பார்வையாளனாக இருந்தேன். அவர் முதலில் கேட்டது, ஏன் என்னை என்பது. பையன் நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்க போனைப் பாத்துக்கிட்டே வந்தீங்க, அவ்வளவுதான் என்றான். அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. தன்னைப் பல நாள் நோட்டம் பார்த்துத்தான் அடித்தார்கள் என்று அவர் அத்தனை மாதமும் நம்பியிருக்கிறார். அந்தத் தெருவை விட்டுவிட்டு ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த கேள்வி சாவியைப் பற்றியது. பறிபோன பையில் வீட்டுச் சாவி இருந்தது. அதனால் இரண்டு முறை பூட்டு மாற்றியிருந்தார், இரண்டாவது முறை மாற்றியபின்னும் தூக்கம் வரவில்லை என்றார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியா, பணத்தை எடுத்துக்கிட்டுப் பையைக் கால்வாயில போட்டுட்டேன், சாவி இருந்ததே தெரியாது என்றான்.

அந்த இரண்டு பதில்களையும் எந்த நீதிமன்றமும் அவருக்குத் தந்திருக்க முடியாது. நடுவரின் குறையல்ல அது. அந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நார்வேயைச் சேர்ந்த குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: பிணக்கு என்பது அதில் அகப்பட்டவர்களின் உடைமை, அதை அரசும் வழக்கறிஞர்களும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். அவருடைய வாதத்தை ஏற்றால் அடுத்த படியையும் ஏற்றாக வேண்டும். தீங்கு பெரிதாகப் பெரிதாகப் பறிபோகும் உடைமையும் பெரிதாகிறது. நகப்பூச்சுக் குப்பியில் யாருக்கும் எந்தக் கேள்வியும் மிச்சமில்லை. உடைந்த முழங்கையில் பல மாதக் கேள்விகள் மிச்சமிருந்தன.

ஒரு மனிதரின் கதையை வைத்து விதியை மாற்றச் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆகவே சோதனைகளைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் 1995 முதல் 2000 வரை லாரன்ஸ் ஷெர்மனும் ஹெதர் ஸ்ட்ராங்கும் நடத்திய சோதனையில், வழக்குகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதி நீதிமன்றத்துக்கும் மற்றப் பகுதி கூட்டத்துக்கும் போயின. வன்முறைக் குற்றம் செய்த முப்பது வயதுக்குட்பட்டவர்களில், கூட்டத்துக்குப் போன பிரிவில், நீதிமன்றத்துக்குப் போன பிரிவை விட ஆண்டுக்கு 100 பேருக்கு 38 குற்றங்கள் கூடுதலாகக் குறைந்தன. இளஞ்சிறார் கடையில் திருடியது போன்ற வழக்குகளில் இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களில் கூட்டத்துக்குப் போனவர்கள் சற்று அதிகமாகவே மீண்டும் பிடிபட்டார்கள். அந்த வழக்குகளில் எதிரே உட்கார்ந்து பேச ஒருவர் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அது வியப்பாகத் தோன்றாது. பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் இதைவிடத் தெளிவு. வன்முறைக்கு ஆளானவர்களிடம், வாய்ப்புக் கிடைத்தால் அவனுக்குத் தீங்கு செய்வீர்களா என்று கேட்டபோது, நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் செய்வோம் என்றார்கள். கூட்டத்துக்குப் போன வழக்குகளில் அப்படிச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. லண்டனில் வழிப்பறிக்கும் வீடுபுகுந்த திருட்டுக்கும் ஆளானவர்களிடையே நடந்த சோதனைகளில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகளும் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் குறைவாக இருந்தன. 2013இல் ஸ்ட்ராங்கும் அவருடைய குழுவினரும் இத்தகைய 10 சோதனைகளை, மொத்தம் 1,880 குற்றவாளிகளை, ஒன்றாக ஆராய்ந்தபோது கிடைத்த படமும் இதற்கு மாறானதல்ல: குற்றம் திரும்ப நிகழ்வதில் மிதமான குறைவு, அந்தக் குறைவு சொத்துக் குற்றங்களை விட வன்முறைக் குற்றங்களில் தெளிவாகத் தெரிந்தது.

மிதமான என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். இந்த முறையை ஆதரிப்பவர்கள் சிலர் அதை ஒரு மந்திரம் போலப் பேசுவதைக் கேட்டு எனக்கே சலிப்பு வந்திருக்கிறது.

முன்னோடி நாடுகள் இந்தக் கதவை முதலிலிருந்தே அகலமாகத் திறந்துவைத்தன. இந்த முறையின் தொடக்கமாக எல்லோரும் சுட்டுவது 1974இல் கனடாவின் ஒன்டாரியோவில் எல்மைரா என்ற சிற்றூரில் நடந்ததை. இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை ஏற்று, அவர்கள் வீடுவீடாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைச் சந்திக்க நடுவர் வழிசெய்தார். ஓர் ஊரையே கலங்க வைத்த இரவு அது. யாரும் அதைச் சில்லறைத் தவறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பக் கூட்டத்தை இளஞ்சிறார் நீதியின் நடுவில் வைத்தபோது, கொலையையும் கொலையாகாத மரணம் விளைவித்தலையும் தவிர மற்றவற்றை அதன் எல்லைக்குள் கொண்டுவந்தது. அதே சமயம், பொதுநலன் வேறுவிதமாகக் கோரினாலொழிய, மாற்று வழி இருக்கும்போது குற்ற வழக்குத் தொடரக் கூடாது என்றும் அந்தச் சட்டம் எழுதிவைத்தது. அதனால் அங்கே சிறு பிழைகளில் பெரும்பாலானவை காவல்துறையின் எச்சரிக்கையோடும் எளிய ஏற்பாடுகளோடும் முடிந்துவிடுகின்றன. கூட்டம் கனமான வழக்குகளுக்காகக் காத்திருக்கிறது. வட அயர்லாந்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்ட அல்லது குற்றம் நிரூபிக்கப்பட்ட இளையோரைச் சில விலக்குகள் நீங்கலாக நீதிமன்றம் கூட்டத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். நாம் கடன் வாங்கியது இந்த நாடுகளிடம்தான். ஆனால் எதை யாருக்கு என்ற பகுதியை மட்டும் கவனமாகத் திருப்பிப்போட்டுக்கொண்டோம்.

ஏன் திருப்பிப்போட்டோம் என்பதற்கு என் ஊகம் எளியது. கடுமையான குற்றம் என்றவுடன் நம் கண்ணுக்குச் சிறுவன் மறைந்து குற்றம் மட்டும் தெரிகிறது. சட்டங்களும் அந்தப் பார்வையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க மாநிலங்கள் பல, கடுமையான வழக்குகளில் சிறாரை வயது வந்தோருக்கான நீதிமன்றத்துக்கு மாற்ற வழி வைத்திருக்கின்றன. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயது நிறைந்தவர் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால் அவரை வயது வந்தவரைப் போல விசாரிக்கலாமா என்று முன்மதிப்பீடு செய்ய இடம் தருகிறது. தீங்கின் அளவு, செய்தவனின் வயதைக் கூட்டிவிடுவதில்லை. முழங்கையை உடைத்த பையனும் நகப்பூச்சை எடுத்த பெண்ணும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடிய பிள்ளைகள்.

எதிர்ப்புகளை அறிவேன். அவற்றில் அடிக்கடி கேட்பது, வன்முறை வழக்கில் இரு தரப்பையும் கூட்டி உட்காரவைப்பது, ராசி பேசி அனுப்பிவிடும் வேலை அல்லவா என்பது. ராசி பேசும் இடத்தில் நடந்தது என்ன என்பதே பேரத்துக்கு வரும். பலமுள்ளவர் சொன்னது உண்மையாகிவிடும். மறுசீரமைப்புக் கூட்டத்துக்கான முதல் நிபந்தனையே செய்தவன் செய்ததை ஒப்புக்கொள்வது. பேரம் அங்கே ஈடுகட்டுவது எப்படி என்பதைப் பற்றி மட்டுமே நடக்கிறது, அதுவும் நீதிமன்றத்தின் மேற்பார்வையில். ஆஸ்திரேலியரான ஜான் பிரெய்த்வெயிட் 1989இல் முன்வைத்த வேறுபாடு இங்கே உதவும்: செயலைக் கண்டித்துச் செய்தவனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வெட்கப்படுத்தல் ஒன்று, செய்தவனையே குற்றமாக்கி வெளியே தள்ளும் வெட்கப்படுத்தல் மற்றொன்று. முதலாவது நடக்க வேண்டுமானால் அவன் மதிக்கும் ஆட்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். நகப்பூச்சுக் கூட்டத்தில் இருந்த எட்டுப் பேரில் அந்தச் சிறுமி ஏற்கெனவே அறிந்திருந்தவர் அவளுடைய தாய் ஒருவரே.

இன்னொரு எதிர்ப்பு கனமானது, அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பாலியல் வன்முறை வழக்குகளில் இந்த முறை பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை காயப்படுத்தாதா? ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் கேத்லீன் டேலி, தென் ஆஸ்திரேலியாவில் இளையோர் மீது தொடரப்பட்ட ஏறக்குறைய 400 பாலியல் குற்ற வழக்குகளின் கோப்புகளைப் படித்தார். நீதிமன்றத்துக்குப் போனவற்றில் ஏறத்தாழப் பாதி, பாலியல் குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமலே முடிந்தன. கூட்டத்துக்குப் போனவற்றிலோ ஒப்புதல் முதலிலேயே கையில் இருந்தது. நீதிமன்றம் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றும் என்பதை முன்முடிவாக வைத்துக்கொண்டு கூட்டத்தை மட்டும் ஐயத்தோடு பார்ப்பது சரியல்ல என்பதற்கு இது போதும். எல்லாப் பாலியல் வழக்குகளையும் கூட்டத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்துக்குள்ளேயே நடந்த, அச்சம் இன்னும் நீடிக்கும் வழக்குகளில் நான் தயங்குவேன். அந்தத் தயக்கம் பாதிக்கப்பட்டவரோடு பேசியபின் வர வேண்டியது. ஒரு கட்டத்தில் விழும் குறியால் வரக் கூடாது.

டேலியின் பெயரைச் சொன்னதால் அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தென் ஆஸ்திரேலியக் கூட்டங்களை நேரில் ஆராய்ந்த அவர், நடைமுறை நியாயமாக இருந்தது என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னதையும், ஆனால் உண்மையான மனமாற்றமும் பரிமாற்றமும் அவ்வளவு எளிதில் நிகழவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். மன்னிப்புக் கேட்டபோது மெய்யாகவே வருந்தினோம் என்று சொன்ன இளையோரின் விகிதத்தை விட, அதை நம்பிய பாதிக்கப்பட்டவர்களின் விகிதம் வெகுவாகக் குறைவு. என் பார்வையில் இதற்கு ஒரு காரணம் பேச்சு. ஆஸ்திரேலியாவில் பமீலா ஸ்னோவும் மார்ட்டீன் பவலும் காவலில் உள்ள சிறுவர்களைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மொழித்திறனில் குறைபாடு இருந்தது. நீண்ட வாக்கியத்தைத் தொடர முடியாது, நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது. அப்படிப்பட்ட பையனிடம், நீ செய்தது அவருடைய வாழ்க்கையை எப்படிப் பாதித்திருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டால், தெரியல என்று தோளைக் குலுக்குவான். எதிரே இருப்பவருக்கு அது திமிராகத் தெரியும். முழங்கை வழக்கின் ஒருங்கிணைப்பாளர் அந்தப் பையனை ஆறு முறை தனியே சந்தித்திருந்தார்; கேள்விகளைச் சின்னச் சின்னதாக உடைத்து, படம் வரைந்து, அன்று மாலை நடந்ததை அவன் வாயாலேயே அடுக்கவைத்திருந்தார். பாதிக்கப்பட்டவரையும் நான்கு முறை பார்த்திருந்தார். அந்த உழைப்பு இல்லாமல் அந்த மேசையில் போனைப் பற்றியும் சாவியைப் பற்றியும் எந்தப் பதிலும் வந்திருக்காது.

என் வாதத்தின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் குறைவு, அவர்களின் நேரம் அதனினும் குறைவு. ஒருவர் வாரத்துக்கு ஐந்து கடைத் திருட்டுக் கூட்டங்களை நடத்த வேண்டியிருந்தால் யாரையும் முன்கூட்டிச் சந்திக்க முடியாது. சந்திக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் வரமாட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், முதன்முறை நீதிமன்றம் வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இளையோரைச் சமூகத்தினர் அடங்கிய குழுக்களிடம் அனுப்பும் முறை தொடங்கியபோது, ஆடம் கிராஃபர்டும் டிம் நியூபர்னும் அதை மதிப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று அடையாளம் தெரிந்த வழக்குகளிலும் 13 விழுக்காட்டில் மட்டுமே அவர் குழுவின் முன் வந்தார். கொள்கையில் இருந்த கோளாறை விட நடைமுறைப்படுத்தியதில் இருந்த கோளாறே அதற்குப் பெரிய காரணம். பாதிக்கப்பட்டவர் இல்லாத மறுசீரமைப்பு, மாப்பிள்ளை வராத கல்யாணம்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க வேண்டும், ஏனெனில் அது என் தரப்புக்கு வசதியானதல்ல. கான்பெரா சோதனையில் சிறு எண்ணிக்கையில் இருந்த பழங்குடி இளையோருக்குக் கூட்டம் நன்மை செய்யவில்லை. நிலைமை மோசமானதாகவே தெரிந்தது. நியூசிலாந்திலும், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு முறையை அரசு தன் வசதிக்கு மடக்கிக்கொண்டது என்று மாவோரிக் குற்றவியலாளர் ஹுவான் டௌரி தொடர்ந்து எழுதிவருகிறார். காவல்துறைச் சீருடை அணிந்த ஒருவர் தலைமை தாங்கும் கூட்டத்தில், அந்தச் சீருடையைத் தலைமுறைகளாக அஞ்சிவந்த குடும்பத்தின் பிள்ளை எதையும் மனம்விட்டுச் சொல்லாது. யார் கூட்டுகிறார், எங்கே கூட்டுகிறார் என்பவற்றை வழக்கின் கடுமையை விட அதிகமாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு.

நான் கேட்பது அதிகமில்லை. படிவத்திலிருந்து அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், இந்த நிகழ்வில் பாதிக்கப்பட்டவருக்குப் பதில் கிடைக்காத கேள்வி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுதுவதற்காகவாவது யாராவது ஒருவர் அவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும். மிச்சம் ஒன்றுமில்லை என்றால், பிள்ளையை எச்சரித்து அனுப்பிவிடலாம், கூட்டமும் வேண்டாம் ஒப்பந்தமும் வேண்டாம். மிச்சம் இருந்தால், குற்றத்தின் பெயர் என்னவாக இருந்தாலும், ஒருங்கிணைப்பாளருக்கு வாரங்கள் கொடுங்கள், நாட்கள் அல்ல. வழக்கறிஞரின் உதவி சிறுவனுக்குக் கிடைக்க வேண்டும். நீதிமன்றம் விதித்திருக்கக்கூடியதை விடக் கடுமையான ஒன்று கூட்டத்திலிருந்து வெளிவரக் கூடாது. கூட்டத்தில் கலந்துகொண்டதைப் பின்னர் குற்ற ஒப்புதலுக்குச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றும், ஒப்பந்தத்தை நிறைவேற்றாததைக் கூடுதல் தண்டனைக்குக் காரணமாக்கக் கூடாது என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூக மன்றம் 2002இல் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகள் ஏற்கெனவே சொல்கின்றன. அவற்றின் நோக்கம் பின்பற்றப்பட்டிருந்தால் நகப்பூச்சு எடுத்த சிறுமி நீதிமன்றப் படி ஏறாமலே இருந்திருக்கக்கூடும்.

ஆண்டறிக்கையில் எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று எண்ணுவதையும் நிறுத்தலாம். அந்த எண்ணிக்கையை உயர்த்துவதற்கு மிகச் சுலபமான வழி, சிறுசிறு வழக்குகளைக் கொண்டுவந்து குவிப்பதுதான். அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

முழங்கை வழக்கின் கோப்பை, ஆய்வுக்காக உரிய அனுமதியோடு, சென்ற மாதம் மறுபடி பார்த்தேன். மேலே அந்தப் படிவம் தைக்கப்பட்டிருக்கிறது. கடுமையானதா என்ற கேள்விக்கு எதிரே நீல மையில் ஒரு குறி. அதற்குக் கீழே உள்ள கேள்விகள் எல்லாம் வெற்றிடமாக இருக்கின்றன. கடைசிக் கேள்வி, பாதிக்கப்பட்டவர் சந்திக்க விரும்புகிறாரா என்பது.

இப்படிக்கு,
குற்றவியல் ஆசிரியன் ஒருவன்